பார்டரில் பாஸான தீசிஸ், பின்னாளில் நோபல்... ஆசிட், பேஸ் பாடத்துக்குள் ஒளிந்திருக்கும் அர்ஹீனியஸ் கதை!

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? கூம்புக் குடுவையில் 20 மில்லி சோடியம் ஹைட்ராக்சைடு. அதில் ரெண்டு சொட்டு பினாப்தலீன் விட்டதும் பளிச்சுன்னு ஒரு பிங்க். மேலே பியூரெட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருப்பீர்கள். ஒண்ணுமே நடக்காது. கொஞ்சம் அசந்து பக்கத்து டேபிளைப் பார்த்துட்டுத் திரும்பினால், மொத்தக் கலரும் காணாமல் போயிருக்கும். போச்சு... மறுபடி முதலில் இருந்து!

இப்போது அந்தக் குடுவையில் மிச்சம் இருப்பது என்ன? பினாப்தலீனை விட்டுவிட்டால், வெறும் உப்புத் தண்ணீர். தோலை அரிக்கும் ஓர் அமிலம், தோலை அரிக்கும் ஒரு காரம். ரெண்டும் சரியான அளவில் சேர்ந்ததும் சாம்பாரில் போடுகிற அதே உப்பு. ரெக்கார்டு நோட்டில் அமிலம் + காரம் = உப்பு + நீர் என்று ஒரு வரி எழுதி, மிஸ்ஸிடம் கையெழுத்து வாங்கி, அப்படியே மறந்தும் போயிருப்பீர்கள்.

அந்த ஒரு வரி ஏன் அப்படி நடக்கிறது என்று சொன்னவர் ஸ்வான்டே அர்ஹீனியஸ். பாடப்புத்தகத்தில் அவர் பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஆனால், அந்த விளக்கத்தின் முதல் வடிவத்தை அவர் எழுதிக் கொடுத்தபோது, சொந்தப் பல்கலைக்கழகம் என்ன மார்க் போட்டது தெரியுமா? பார்டர் பாஸ்!

கணக்கு நோட்டை எட்டிப் பார்த்த குழந்தை

1859 பிப்ரவரி 19. ஸ்வீடனில் உப்சாலா நகரத்துக்குப் பக்கத்தில் விக் என்ற இடத்தில் பிறந்தார் அர்ஹீனியஸ். அப்பா, உப்சாலா பல்கலைக்கழகத்துக்கு நில அளவையாளர். மூன்று வயதிலேயே யாரும் சொல்லித் தராமல் வாசிக்கக் கற்றுக்கொண்டாராம். அப்பா வரவு செலவுக் கணக்குப் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்தே கூட்டல் கழித்தலும் வந்துவிட்டது. 17 வயதில் பள்ளிப்படிப்பை முடித்து, உப்சாலா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

இதுவரை நம்ம சொந்தக்காரர்கள் சொல்லும் 'டாப்பர் பையன்' கதைதான். சிக்கல் காலேஜில் ஆரம்பித்தது. அங்கே வேதியியல் பேராசிரியர் பேர் டியோடர் கிளீவ். சாதாரண ஆள் இல்லை. 1879-ல் ஹோல்மியம், தூலியம் என்று இரண்டு தனிமங்களைக் கண்டுபிடித்தவர். ஆனால், அர்ஹீனியஸுக்கு அங்கே இருந்த வேதியியல் பாடமும் பிடிக்கவில்லை, இயற்பியல் பாடமும் பிடிக்கவில்லை. அவர் மனதில் இருந்தது இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரு கேள்வி. அதற்கு உப்சாலாவில் இடமே இல்லை.

1881-ல் ஸ்டாக்ஹோமுக்குக் கிளம்பிவிட்டார். ஸ்வீடிஷ் அறிவியல் அகாதமியில் எரிக் எட்லுண்ட் என்ற இயற்பியலாளரின் ஆய்வகம். அங்கே உட்கார்ந்து, பல பொருள்களைத் தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசல் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அளக்க ஆரம்பித்தார். கரைசலில் மேலும் மேலும் தண்ணீர் சேர்த்து, மறுபடி மறுபடி அளந்தார்.

தூங்க விடாத ஒரு ராத்திரி

இங்கேதான் மேட்டர். கொஞ்சம் பொறுமையாகப் படிங்க.

சர்க்கரைத் தண்ணீரில் மின்சாரம் போகாது. உப்புத் தண்ணீரில் போகும். இது அப்போதே எல்லோருக்கும் தெரியும். மைக்கேல் ஃபாரடே என்ற இங்கிலாந்து மேதை, கரைசலில் மின்சாரத்தைச் சுமந்து போகும் துகள்களுக்கு 1834-லேயே 'அயனி' என்று பெயரும் வைத்துவிட்டார். மின்சாரம்தான் உப்பைப் பிய்த்து அயனிகளாக்குகிறது என்பது அன்றைக்கு இருந்த பொதுவான எண்ணம். அதாவது, ஸ்விட்ச் போட்டால்தான் உப்பு உடையும்.

ஆனால், அர்ஹீனியஸின் அளவீடுகள் வேறு ஒன்றைச் சொல்லின. கரைசலை நீர்க்க நீர்க்க, அதில் இருக்கும் அதே அளவு உப்பு முன்பைவிட நன்றாக மின்சாரம் கடத்தியது. தண்ணீரை ஊற்றினால் ஏன் கடத்தும் திறன் கூட வேண்டும்?

1883 மே 17 ராத்திரி அவருக்கு விடை பொறி தட்டியது. முழுசாகக் கணக்குப் போட்டு முடிக்கும் வரை தூக்கமே வரவில்லை என்று பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். விடை இதுதான்: கரைசலில் இருக்கும் உப்பில் ஒரு பகுதிதான் மின்சாரம் கடத்தும் நிலையில் இருக்கிறது. தண்ணீர் கூடக் கூட அந்தப் பகுதி கூடுகிறது. உப்பை மாற்றுவது தண்ணீர். மின்சாரத்துக்கு அதில் வேலையே இல்லை. ஸ்விட்ச் போடுவதற்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது.

ஊருக்குத் திரும்பி, கிளீவிடம் போய், மின்சாரம் கடத்துவதைப் பற்றி ஒரு புதுக் கொள்கை வைத்திருக்கிறேன் என்று சொன்னார். சுவாரஸ்யமாக இருக்கிறது என்று சொல்லி, அதே மூச்சில் விடைகொடுத்து அனுப்பிவிட்டார் பேராசிரியர். வருஷத்துக்கு ஒரு புதுக் கொள்கை வரும், போகும், இதுவும் அப்படித்தான் என்று கிளீவ் நினைத்ததாக அர்ஹீனியஸே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் ராத்திரி முழுக்கக் கண் விழித்துச் செய்த வேலையை, ஹெச்.ஓ.டி ஒரு தலையசைப்போடு ஒதுக்கிவிட்டால் எப்படி இருக்கும்? அதேதான்.

150 பக்கம், ஒரு சுமார் கிரேடு

1884-ல் பிரெஞ்சு மொழியில் 150 பக்க ஆய்வேட்டை உப்சாலாவில் சமர்ப்பித்தார். அதில் 56 முடிவுகள். கரைந்த உப்பு துண்டு துண்டாக உடைந்து கிடக்கிறது என்று வெளிப்படையாக எழுதத் துணியவில்லை. 'செயல்படும்' மூலக்கூறுகள், 'செயல்படாத' மூலக்கூறுகள் என்று பூசி மெழுகித்தான் எழுதினார். அப்படியும் தேர்வாளர்களுக்குப் பிடிக்கவில்லை.

காரணம் இருக்கிறது. அவர்கள் பக்கம் நின்றும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சோடியம் உலோகத்தைத் தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு எரியும். குளோரின், மூச்சை நிறுத்தும் நச்சு வாயு. ஒரு டம்ளர் உப்புத் தண்ணீருக்குள் சோடியமும் குளோரினும் தனித்தனியாக நீந்துகின்றன என்று ஒரு பையன் வந்து சொன்னால், இரண்டு தனிமங்களைக் கண்டுபிடித்த பேராசிரியருக்குச் சிரிப்பு வராதா? அணுவுக்கும் அயனிக்கும் என்ன வித்தியாசம் என்று காட்ட எலக்ட்ரான் தேவை. அது கண்டுபிடிக்கப்பட்டதே 1897-ல்தான். அதாவது, அர்ஹீனியஸ் சரியான விடையை 13 வருஷம் முன்னாடியே எழுதிவிட்டார். திருத்துகிறவர்களிடம் ஆன்சர் கீ இல்லை!

ஆய்வேட்டுக்குக் கடைநிலைக்குச் சற்று மேலே ஒரு கிரேடு. அதை அவர் வாதாடி நிலைநாட்டியதற்கு அதைவிட ஒரு படி மேலே. அவ்வளவுதான். கேட்க 'பாஸ்' மாதிரி இருக்கும். ஆனால், அந்த கிரேடை வைத்துக்கொண்டு உப்சாலாவில் பாடம் நடத்தும் வேலைக்குப் போக முடியாது. 25 வயதில், பிறந்து வளர்ந்த ஊரில் கதவு சாத்தப்பட்டது.

கூரியரில் போன எதிர்காலம்

இந்த இடத்தில் நம்மில் பல பேர் என்ன செய்வோம்? ஸ்டேட்டஸ் போட்டுட்டு, போனை சைலன்ட்டில் வைத்துவிட்டுப் படுத்துவிடுவோம். அர்ஹீனியஸ் ஆய்வேட்டின் பிரதிகளை எடுத்து, அஞ்சலில் அனுப்பினார். ஜெர்மனியில் கிளாசியஸுக்கு, லோதர் மேயருக்கு. ஹாலந்தில் வான்ட் ஹாஃபுக்கு. அன்றைய ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த ரிகா நகரத்தில், வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டுக்கு.

ஆஸ்ட்வால்டுக்கு அப்போது 30 வயது. 1884 ஜூன் மாதத்தில் ஒரே நாளில் தனக்கு மூன்று விஷயங்கள் வந்து சேர்ந்ததாக அவர் பின்னாளில் சொல்வார்: ஒரு பல் வலி, ஒரு பெண் குழந்தை, அர்ஹீனியஸின் ஆய்வேடு. மூன்றிலும் தன்னை அதிகம் படுத்தியது அந்த ஆய்வேடுதான் என்றும் சொல்வார்.

ஏன் அப்படி? எந்த அமிலம் வலுவானது, எது பலவீனமானது என்று ஆஸ்ட்வால்ட் பல வருஷமாக அளந்துகொண்டிருந்தார். ஒரு வேதிவினையை ஒவ்வோர் அமிலமும் எவ்வளவு வேகப்படுத்துகிறது என்பது அவருடைய அளவுகோல். அர்ஹீனியஸோ மின்சாரத்தை வைத்து அளந்திருக்கிறார். இரண்டு பேரும் சந்தித்ததே இல்லை. வழியும் வேறு வேறு. ஆனால், எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வரிசை பொருந்துகிறது! ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு பட்டியலிலும் மேலே. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் இரண்டிலும் ரொம்பக் கீழே.

அந்த ஆகஸ்ட்டிலேயே ஆஸ்ட்வால்ட் கிளம்பி உப்சாலாவுக்கு வந்துவிட்டார். கிளீவையும் சந்தித்தார். ஒரு கண்ணாடிக் குடுவையைக் காட்டி, இதற்குள் சோடியம் தனியாக நீந்துகிறது என்று நீங்களும் நம்புகிறீர்களா என்று கிளீவ் கேட்டிருக்கிறார். அதில் ஏதோ உண்மை இருப்பதாகவே நினைக்கிறேன் என்றாராம் ஆஸ்ட்வால்ட். இவருக்கும் மூளை குழம்பிவிட்டதோ என்பது போல ஒரு பார்வை கிடைத்ததாம்.

ரிகாவில் வேலை தருகிறேன், வந்துவிடு என்று அர்ஹீனியஸை அழைத்தார் ஆஸ்ட்வால்ட். வெளியூர்க்காரர் ஒருவர் தேடி வந்து கூப்பிடுகிறார் என்றதும், உப்சாலாவும் இறங்கி வந்து அவருக்கு விரிவுரையாளர் பதவி கொடுத்தது. ஆனால், அவரால் உடனே ரிகா போக முடியவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. கூடவே இருந்தார். 1885-ல் அப்பா இறந்துபோனார்.

பிங்க் கலர் ரகசியம்

1886-ல் அகாதமி கொடுத்த உதவித்தொகையோடு ஐரோப்பா சுற்றக் கிளம்பினார். ரிகா, வூர்ட்ஸ்பர்க், கிராஸ், ஆம்ஸ்டர்டாம், லைப்சிக் என்று அடுத்த சில வருஷங்கள் பெரிய பெரிய ஆய்வகங்களில் வேலை. 1887-ல், பூசி மெழுகாமல் எழுதினார்: கரைந்த உப்பு, அமிலம், காரம் எல்லாமே தண்ணீரில் மின்சுமை கொண்ட அயனிகளாகப் பிரிந்து கிடக்கின்றன.

இதற்கு வான்ட் ஹாஃபின் ஆய்வும் கைகொடுத்தது. தண்ணீரில் எதைக் கரைத்தாலும் அது உறையும் வெப்பநிலை குறையும். எத்தனை துகள் கரைந்திருக்கிறதோ அந்த அளவுக்குக் குறையும். ஆனால், சாதாரண உப்பு மட்டும், அதே எண்ணிக்கையில் கரைத்த சர்க்கரையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு குறைத்தது. கால்சியம் குளோரைடு ஏறக்குறைய மூன்று மடங்கு. ஏன்? உப்பு ஒன்று கரைந்தால் துகள் இரண்டு: ஒரு சோடியம் அயனி, ஒரு குளோரைடு அயனி. கால்சியம் குளோரைடு கரைந்தால் மூன்று. கணக்கு கச்சிதம்!

இப்போது உங்கள் லேப் குடுவைக்கு வாங்க. தண்ணீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம். ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம். ரெண்டும் சந்தித்தால் தண்ணீர். கதை முடிஞ்சுது. சோடியமும் குளோரைடும் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கின்றன. குடுவையைச் சூடாக்கித் தண்ணீரை விரட்டினால்தான் அந்த இரண்டும் கைகோத்து உப்புப் படிகமாக அடியில் உட்காரும்.

இதற்கு ஓர் அழகான சாட்சியும் உண்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தாலும் சரி, நைட்ரிக் அமிலத்தோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தாலும் சரி, ஒரு மோல் தண்ணீர் உருவாகும்போது வெளிவரும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். சுமார் 57 கிலோஜூல். உருவாகும் உப்புகள் வேறு வேறு. வெப்பம் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்? அர்ஹீனியஸுக்கு முன்பே அளந்து வைத்திருந்தார்கள். காரணம்தான் பிடிபடவில்லை. எந்தக் குடுவையிலும் நடப்பது ஒரே வினை, ஹைட்ரஜனும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து தண்ணீராவது மட்டுமே என்றதும் புதிர் அவிழ்ந்தது.

லேபில் மயில்துத்தம் தயாரித்திருக்கிறீர்களா? கறுப்பு காப்பர் ஆக்சைடு பொடியை, சூடான நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டுக் கலக்கினால் கரைசல் நீலமாகும். மிச்சப் பொடியை வடிகட்டி, கொஞ்சம் காய்ச்சி, ஆற வைத்தால் நீலப் படிகம். அங்கேயும் இதே கதைதான். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனியும் ஆக்சைடும் சேர்ந்து தண்ணீராகிவிட, காப்பரும் சல்பேட்டும் கரைசலில் மிச்சம். எத்தனை உப்பு தயாரித்தாலும் சூத்திரம் ஒன்றுதான். பாடம் இவ்வளவு சுருங்கியதற்குக் காரணம் அந்த 'சுமார்' ஆய்வேடு.

அதே ஊர், அதே பேராசிரியர்

1891-ல் ஸ்டாக்ஹோம் கல்லூரியில் ஆசிரியரானார். 1895-ல் எதிர்ப்புகளுக்கு நடுவே பேராசிரியர். இடையில், வெப்பம் கூடினால் வேதிவினை எவ்வளவு வேகமாகும் என்று சொல்லும் சமன்பாட்டை 1889-லேயே தந்துவிட்டார். ப்ளஸ் டூ-வில் நம்மைப் படுத்துகிற அதே அர்ஹீனியஸ் சமன்பாடு! 1896-ல், காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் பூமி 5, 6 டிகிரி செல்சியஸ் சூடாகும் என்று, கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் கையாலேயே கணக்குப் போட்டார்.

1903-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு. ஸ்வீடனுக்குக் கிடைத்த முதல் நோபல் அதுதான். எந்தக் கொள்கைக்கு? கரைசலில் அயனிகள் பிரியும் கொள்கைக்கு. சுமார் கிரேடு வாங்கிய அதே யோசனை. அப்போது வேதியியல் நோபல் குழுவின் தலைவர் யார் தெரியுமா? பேர் டியோடர் கிளீவ்! ஒரு காலத்தில் தலையசைத்து அனுப்பியவர், 19 வருஷத்தில் தன் கருத்தை மாற்றிக்கொண்டிருந்தார். மாணவனிடம் தோற்றதை ஒப்புக்கொள்ள அந்தப் பெரிய மனுஷருக்கும் மனசு இருந்தது.

சினிமாவாக இருந்தால் இங்கேயே 'சுபம்' போட்டுவிடலாம். வாழ்க்கை அப்படி முடியவில்லை.

நாற்காலி மாறினால்...

ரஷ்யாவில் மெண்டெலீவ் இருந்தார். தனிம வரிசை அட்டவணையைத் தந்த அதே மெண்டெலீவ். அயனிக் கொள்கையை அவர் ஏற்கவில்லை. கடுமையாக விமர்சித்தார். 1906-ல் வேதியியல் நோபலுக்கு, குழுவின் பெரும்பான்மை அவர் பெயரைத்தான் பரிந்துரைத்தது. ஆனால், அகாதமி அதை மாற்றி, ஃபுளூரினைப் பிரித்தெடுத்த பிரான்ஸின் மாய்சானுக்குப் பரிசைக் கொடுத்தது. அந்த மாற்றத்துக்குப் பின்னால் அர்ஹீனியஸின் செல்வாக்கு இருந்தது என்று அறிவியல் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அட்டவணை ரொம்பப் பழைய கண்டுபிடிப்பு என்பது அவர் பக்கத்து வாதம். 1907 பிப்ரவரியில் மெண்டெலீவ் இறந்துவிட்டார். நோபல் பட்டியலில் அவர் பெயர் இல்லாமலே போய்விட்டது.

படிக்கும்போது கஷ்டமாக இருக்கிறது இல்லையா? மார்க் போடுகிறவர்களால் காயப்பட்டவர், மார்க் போடும் நாற்காலியில் உட்கார்ந்தபோது அந்தக் காயத்தை மறந்துவிட்டார். 25 வயது அர்ஹீனியஸைக் கொண்டாடுங்க. 47 வயது அர்ஹீனியஸையும் மறக்காதீங்க. நாளைக்கு நீங்கள் டீம் லீடராகவோ, டீச்சராகவோ உட்காரும்போது, எதிரே ஒரு புதுப் பொண்ணோ பையனோ கிறுக்குத்தனமான ஐடியாவோடு நிற்கும்போது, இரண்டு பேரும் ஞாபகத்துக்கு வரணும்.

இன்னும் முடியாத பாடம்

அவருடைய கொள்கையும் கடைசி வார்த்தை ஆகிவிடவில்லை. அமோனியாவில் ஹைட்ராக்சைடே கிடையாது. ஆனாலும் அது காரம். எப்படி? இதற்கு விடை சொல்ல 1923-ல் பிரான்ஸ்டட், லௌரி இருவரும் தனித்தனியாகப் புது விளக்கம் தந்தார்கள். அதே வருஷம் லூயிஸ் இன்னொன்று தந்தார். பாடப்புத்தகத்தில் அர்ஹீனியஸுக்கு அடுத்த பக்கத்தில் அவர்கள்தான் இருப்பார்கள். 1905 முதல் ஸ்டாக்ஹோமில் நோபல் நிறுவனத்தின் இயற்பியல் வேதியியல் ஆய்வகத்தை நடத்திய அர்ஹீனியஸ், 1927 அக்டோபர் 2-ம் தேதி இறந்தார். அடக்கம் செய்யப்பட்ட இடம், அவரைப் பார்டரில் பாஸ் போட்ட அதே உப்சாலா.

உங்கள் ஃபேஸ் வாஷ் பாட்டிலில் பிஹெச் 5.5 என்று போட்டிருக்கா? அது ஹைட்ரஜன் அயனியின் செறிவைச் சொல்லும் எண். டென்மார்க்கின் சோரன்சென் 1909-ல் உருவாக்கிய அளவுகோல். ஜிம் முடிந்ததும் குடிக்கிற பாட்டிலில் 'எலக்ட்ரோலைட்' என்று இருக்கா? அந்தத் தண்ணீரில் மிதப்பவையும் அயனிகள்தான்.

அடுத்த முறை லேபில் நிற்கும்போது, அல்லது தம்பி தங்கைக்கு டைட்ரேஷன் சொல்லித் தரும்போது, பிங்க் மறையும் அந்தக் கடைசிச் சொட்டைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. குடுவையில் இருந்த கடைசி ஹைட்ராக்சைடுகளும் தண்ணீராக மாறும் நேரம் அது. அதைக் கண்ணால் பார்க்க முடியாத காலத்தில், ஒருவர் ராத்திரி முழுக்க முழித்திருந்து மனசுக்குள் பார்த்தார். மார்க் ஷீட்டில் அது வரவே இல்லை.